டில்லிபாபுவுக்கு மிக அருகில்

அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் மிக நீளம். டெண்டர் எடுத்தவருக்கே ஒரு மூச்சில் சொல்ல வராது. ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் அதைக் கிளி என்றார்கள். கூண்டைத் திறந்ததும் வெளியே வந்து, ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடும் ஜோசியக் கிளியின் வேலையைத்தான் இதுவும் செய்தது. கண்ணோரத்தில் ஒரு காகிதத் துண்டை வைத்து, கண்ணீரில் நனைத்து, அதன் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சீட்டு வந்துவிடும். மூளையைச் சுற்றி ஓடும் நீரில் பூஞ்சை குடியேறியிருக்கிறதா இல்லையா என்று அதில் இருக்கும்.

"கிளி இன்னா சீட்டு எடுத்துச்சு?" என்றுதான் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். வடசென்னையில் இருந்த அந்த அரசு மருத்துவமனைக்குக் கிளியால் நல்ல பெயர். மந்திரி வந்து அதனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய பரிசோதனைகளுக்கான கிட்டுகளை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கிளி இருக்கும்போது அதெல்லாம் தண்டச் செலவு என்று மேலிடத்தில் யாரோ எழுதிவிட்டார்கள்.

ஆய்வகத்துக்குத் தலைவி சுகிர்தா. உயிர்வேதியியல் படித்தவள், நாற்பதைத் தாண்டியவள், அதிகம் பேசாதவள். தினமும் காலையில் நோயாளிகளுக்கு முன்னால், கிளி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகத்து ஆள் ஒருவர் தன் கண்ணீரைக் கொடுக்க வேண்டும். அதற்கு முதல் சீட்டு என்று பெயர். டெக்னீஷியன் முனிரத்தினம் கற்பூரம் காட்டாத குறையாகக் கிளியைத் துடைத்து வைப்பார். முதல் சீட்டை மட்டும் சுகிர்தா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மேடத்துக்குக் கண்ணீருக்கா பஞ்சம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள், போகட்டும் என்று விட்டும்விட்டார்கள்.

உண்மையான காரணம் கிளியின் திரையில் இருந்தது. திரையில் இரண்டு கோடுகள் வரும். நீலக் கோடு மாறாதது; அதற்கு நார்மல்-1 என்று பெயர். மஞ்சள் கோடு, கண்ணீர் கொடுத்தவருடையது. மஞ்சள் நீலத்தை ஒட்டிப் போனால் 'அருகில். நலம்' என்று சீட்டு வரும். ஒன்றின் மேல் ஒன்று படிந்தால் 'மிக அருகில். நலம்.' மஞ்சள் எகிறிக்கொண்டு மேலே போனால் ஆபத்து. அந்த மருத்துவமனைக்குள் தலைவலியோடு வந்த ஒவ்வொருவரும் இந்த நீலக் கோட்டோடுதான் ஒப்பிடப்பட்டார்கள். அந்தக் கோடு டில்லிபாபு. சுகிர்தாவின் கணவன். இது அவளையும் முனிரத்தினத்தையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

டில்லிபாபு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். வியாசர்பாடியில் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்த்தான். நெல்லூரில் கொண்டுபோய் விட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு வந்து சேரும் புறாக்கள். அவனுக்குக் குடலிறக்க அறுவை நடந்தபோது, முதுகில் மரப்பு ஊசி போடுவதற்கு முன் சொட்டுகிற நீரைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாமா என்று சுகிர்தாதான் கேட்டாள். கிளிக்கு முதுகு நீரும் கண்ணீரும் ஒரே ஆளிடமிருந்து ஒரே வேளையில் எடுத்த ஜோடியாக வேண்டும். நோயில்லாத எவன் முதுகைக் காட்டுவான்?

"இன்னா சுகி, என் முதுகுத் தண்ணில ரசம் வெக்கப் போறியா?" என்று சிரித்தான் அவன். வெங்காயம் உரித்துக் காட்டிக் கண்ணீரையும் வாங்கிக்கொண்டாள்.

மற்றவர்களிடமிருந்தும் ஜோடிகள் சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த வருடப் புயலில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்து, எல்லாம் கெட்டுப்போனது. டில்லிபாபுவின் குப்பியை மட்டும் சுகிர்தா ஆசையாகத் தன் அறையின் சின்ன ஃப்ரீசரில், பேட்டரியோடு, தனியாக வைத்திருந்தாள். கிளியைத் திறந்துவைக்கத் தேதி குறித்தாகிவிட்டது. யாருடையது என்று கேட்காமலே, தற்காலிகமாக இதை வைத்துத் தொடங்குங்கள் என்றார் டீன். அரசு அலுவலகத்தில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு எவ்வளவு ஆயுள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதற்குள் டில்லிபாபு இல்லை. அறுவை முடிந்த சில மாதங்களில் அவன் வேறு ஆளாகிப்போனான். தலை வலிக்கிறது என்பான், மாடியில் போய்ப் புறாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான், கூப்பிட்டால் திரும்பமாட்டான். வேறு யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று சுகிர்தா முடிவுகட்டினாள். ஒரு சாயங்காலம் வாய்ச்சண்டை முற்றி, "இந்த வூட்ல நான் யாருன்னு நெனச்சிக்கினு இருக்க?" என்று அவள் கத்தியபோது, அவன் நிதானமாக அவளைப் பார்த்து, "யாரு நீ?" என்றான். சுகிர்தா அவனோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். அதே வாரம் அவன் பட்டப்பகலில், காலி ரோட்டில், நின்றிருந்த கண்டெய்னர் லாரிமேல் பைக்கைக் கொண்டுபோய் மோதினான். குடித்திருப்பான் என்றார்கள். அவன் குடிப்பதில்லை. வேண்டுமென்றே செய்தான் என்று சுகிர்தாவின் மனம் சொன்னது. அந்த மனத்தோடுதான் அவள் தினமும் எழுந்தாள், புறாக் கூண்டைச் சுரண்டிக் கழுவினாள், தானியம் போட்டாள், ஆய்வகத்துக்கு வந்தாள்.

வந்தால் திரையில் அவன் இருந்தான். ஊரே அவனோடு ஒப்பிடப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு நலம் என்பதே அவன்தான். முதல் சீட்டில் ஆரம்ப நாட்களில் அவளுடைய மஞ்சள் கோடு நீலத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளியே ஓடியது. பிறகு மெல்ல மெல்ல நெருங்கியது. இந்தச் சில வாரங்களாக இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. 'மிக அருகில். நலம்.' உயிரோடு இருந்தவரை ஒட்டாதவன் இப்போது ஒட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொள்வாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்வாள். மண்டையைப் பிளக்கிற தலைவலிக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குவாள்.

டாக்டர் ஃபர்ஹானா நரம்பியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். சேலத்துப் பெண். கேள்வி கேட்பதை விட்டால் அவளுக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. வந்த முதல் நாளே, கண்ணீரை வைத்து மூளையில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்குப் புதுசா ஒருத்தன் குடிவந்தா, அவன நாம பாக்கலன்னாலும் சமைக்கிற வாசன வரும்ல?" என்றாள் சுகிர்தா. "பூஞ்சையும் அப்படித்தான். மூளை நீர்ல இருக்குற சர்க்கரைய எடுத்துத் தின்னும். தின்னுட்டு வேற சில பொருள வெளிய விடும். அந்த வாசன கண்ணீர் வரைக்கும் கசியும். கிளி அதைத்தான் மோந்து பாக்குது."

"வாசன இல்லாத வீடு எப்படி இருக்கும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"நார்மல் சாம்பிள் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு சுகிர்தா எழுந்து போய்விட்டாள்.

அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்குகிற எபினேசரை அவன் மனைவி ரோஸ்லின் மூன்றாவது முறையாக அழைத்து வந்தது ஒரு புதன்கிழமை. முன்பு இரண்டு முறையும் கிளி 'மிக அருகில். நலம்' என்று சொல்லி, மாத்திரையோடு அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவை அவனுக்கு மனைவியின் முகமே பிடிபடவில்லை. ஃபர்ஹானா சீட்டை ஓரமாக வைத்துவிட்டு அவன் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தாள். நீர் பீறிக்கொண்டு வந்தது. படம் வரைகிறவர்கள் வாங்கும் கடையில் ஒரு கருப்பு இங்க் பாட்டில் வாங்கிவரச் சொல்லி, பழைய காலத்து முறையில் ஒரு துளி நீரில் ஒரு துளி இங்க்கைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பூஞ்சை இருந்தது, கொத்துக் கொத்தாக. மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு நேரே ஆய்வகத்துக்கு வந்தாள். ரோஸ்லினும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"கிளி தப்பு பண்ணிருக்கு மேடம்."

"ஆயிரத்துல ஒண்ணு தவறலாம்" என்றாள் சுகிர்தா. "முத்தின கேஸ் எத்தனை பிடிச்சிருக்கு தெரியுமா?"

"முத்தினதை யாரும் பிடிப்பாங்க. நான் வேற ஒண்ணு பாத்தேன். நலம்னு சீட்டு வாங்கிட்டுப் போய், அப்புறம் மூளைக் காய்ச்சல்ல திரும்பி வந்து செத்தவங்க இருக்காங்கல்ல. அவங்கள்ல ஒருத்தர்கூட வெறும் 'அருகில்' இல்ல. எல்லாருமே 'மிக அருகில்'. ரொம்ப நல்ல நார்மல். அவ்வளவு நல்ல நார்மல் எப்படி மேடம் சாவும்?"

முனிரத்தினம் துடைத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினார். போன வருடம் புது ஜோடிகள் சேர்த்து வந்தபோது, எல்லாமே நீலக் கோட்டுக்குக் கீழே தள்ளி விழுந்தன. ஃப்ரீசரில் கெட்டுப்போன சாம்பிள் என்று சொல்லிக் கொட்டச் சொன்னவள் சுகிர்தாதான். அத்தனையும் ஒரே மாதிரி எப்படிக் கெடும் என்று அன்றைக்கு அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால், தற்காலிகத்தை எடுத்துவிட்டு வேறு ஒருவனை அங்கே வைக்க வேண்டியிருக்கும்.

"அந்த நார்மல்ல மிச்சம் இருக்கா? இங்க் போட்டுப் பாத்துடலாம்" என்றாள் ஃபர்ஹானா.

"ஒரு சொட்டுதான் இருக்கு. முடியாது."

"ஏன்?"

"போட்டா தீர்ந்துடும்."

"தீரட்டும் மேடம். நார்மலே கெட்டதுன்னு கையில ஆதாரம் இல்லாம, 'மிக அருகில்' சீட்டு வாங்கினவங்க எல்லாரையும் திரும்பக் கூப்பிட டீன் ஒத்துக்கவே மாட்டாரு. மந்திரி போட்டோ எடுத்துக்கிட்ட மெஷின்."

"அது என் வீட்டுக்காரர்" என்றாள் சுகிர்தா. "அவரோடது வேற எதுவுமே எங்கிட்ட இல்ல. எரிச்சாச்சு. கடல்ல கரைச்சாச்சு. அந்த ஒரு சொட்டுதான்."

வாசலில் நின்ற ரோஸ்லின்தான் பேசினாள். அவளுக்கு நீலக் கோடும் தெரியாது, நார்மலும் தெரியாது.

"எம்மா, நீ இன்னா பேசறன்னு எனக்குப் புரியல. எங்க ஆளு எம்மூஞ்சியப் பாத்து யாரு நீன்னு கேட்டாரும்மா. பதினாலு வருசம் குடும்பம் நடத்தினவரு. எனக்கு வந்த கோவத்துக்கு நாலு சாத்து சாத்தினேன். உடம்பு முடியாதவர அடிச்சிட்டேனேன்னு இப்போ வவுறு எரியுது. நலம்னு நீங்க சீட்டு குடுத்து அனுப்பினதாலதானே அடிச்சேன்? இதே மாரி இன்னும் எத்தினி பேர வூட்டுக்கு அனுப்பி வச்சிருக்கீங்க?"

யாரு நீ. சுகிர்தா தன் அறைக்குப் போய், சின்ன ஃப்ரீசரைத் திறந்து, குப்பியைக் கையில் எடுத்தாள். கைச்சூட்டில் அது உருகும்வரை அப்படியே நின்றாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

இங்க்கை அவளே கலந்தாள். மைக்ராஸ்கோப்பில் அவளே பார்த்தாள். முழுக் கருப்பு. கொஞ்சம் நகர்த்தினாள். அந்தக் கருப்பின் நடுவே ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் ஒளிவட்டத்தோடு, அசையாமல் நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அதை விட்டுத் தள்ளி, மொட்டு விட்டபடி, மூன்றாவது. அறுவை மேஜையில் படுத்துக்கொண்டு ரசம் வைக்கப் போகிறாயா என்று அவன் சிரித்தபோதே இந்தப் பூஞ்சை உள்ளே இருந்திருக்கிறது. அவனுக்கு வேறு ஒருத்தி இருக்கவில்லை. லாரி நின்றிருந்தது அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அந்தச் சாயங்காலம் அவன் கேட்டது நிஜமான கேள்வி. தெரியாமல்தான் கேட்டிருக்கிறான். நான் சுகிடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுகிர்தா அழுதாள். இத்தனை நாளும் சீட்டுக்காகக் காகிதத்தில் நனைத்துக் கொடுத்த கண்ணீர் அளவுகூட அவள் அவனுக்காக அழுததில்லை. இப்போது வஞ்சம் இல்லாமல் அழுதாள், வாய்விட்டு.

ஃபர்ஹானாவும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தவள் முகம் மாறியிருந்தது. பரிதாபம் என்றுதான் சுகிர்தா முதலில் நினைத்தாள்.

"மேடம், அவருக்கு எங்கேர்ந்து வந்திருக்கும்?"

"புறா வளத்தாரு. காய்ஞ்ச எச்சத்துல இருக்கும், தூசியோட தூசியா மூச்சுல போவும். நமக்குத் தெரியாதா? எபினேசர் கிடங்குலயும் புறா இருக்கும்."

"அந்தப் புறாங்கள இப்ப யார் பாத்துக்கறாங்க?"

முனிரத்தினம் மெதுவாகக் கேட்டார், "மேடம், இன்னிக்குக் காலைல முதல் சீட்டு எடுத்தீங்களே..."

கைப்பை மேஜைமேல் இருந்தது. அதற்குள் மடித்து வைத்த சீட்டில் என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைத் திறக்கவில்லை.

மருந்து கொடுமையானது. ஏற்றும்போது உடம்பு கட்டிலோடு சேர்ந்து நடுங்கும். பெண்கள் வார்டில் சுகிர்தா அப்படி நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில், ரோஸ்லின் ஆண்கள் வார்டிலிருந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எபினேசர் பிழைத்தான். ஒரு கண் மட்டும் சரியாகத் தெரியவில்லை. ரோஸ்லினின் பெயரை ஒரு நாள் காலையில் திடீரென்று சொல்லிவிட்டு, எதற்கு அழுகிறாய் என்று அவளைத் திட்டினானாம்.

'மிக அருகில்' சீட்டு வாங்கிப் போனவர்களை டீன் வேறு வழியில்லாமல் திரும்பக் கூப்பிட்டார். பலர் வந்தார்கள். சிலர் வீட்டில் ஆள் இல்லை. மாலை போட்ட போட்டோ இருந்தது. கிளிக்குப் புது நார்மல்கள் வந்தன, இந்த முறை ஊர்பேர் தெரியாத பலருடையவை. நீலக் கோட்டை எடுத்துவிடலாமா என்று முனிரத்தினம் வார்டுக்கு வந்து கேட்டார். வேண்டாம் என்றாள் சுகிர்தா. அவனைவிட நன்றாக, நோயின் ஆரம்பத்தைக் காட்டிக் கொடுக்க வேறு யாரும் இல்லை. அவன் இருக்கட்டும், அவனை விட்டுக் கீழே விலகி இருப்பது நலம் என்று கிளிக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றாள். சொல்லும்போது பல் கிட்டியது. அது மருந்தின் நடுக்கம் மட்டும் அல்ல என்று முனிரத்தினத்துக்குத் தெரிந்திருக்கும். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவளுடைய கண்ணீரையும் வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துப்போனார்கள். ஒவ்வொரு தரமும் மஞ்சள் கோடு நீலத்திலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது. ஃபர்ஹானா சந்தோஷமாகச் சொல்வாள், "விலகிட்டே வர்றீங்க மேடம்." சுகிர்தா சரி என்பாள். அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அப்படியே கிடந்துவிடலாமா என்றுகூட இருந்தது. அவனோடு ஒட்டிக்கொண்டே போய்விடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ரோஸ்லின் மட்டும் காலைப் பிடித்துக்கொண்டு இருக்காவிட்டால் செய்தும் இருப்பாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று காலை முதல் சீட்டை முனிரத்தினமே கொடுக்கிறேன் என்றார். சுகிர்தா விடவில்லை. கண்ணோரத்தில் காகிதத்தை வைத்துக் கிளியிடம் கொடுத்தாள். திரையில் நீலக் கோடு பழைய இடத்திலேயே இருந்தது. மஞ்சள் கோடு வெகு கீழே, தனியாக ஓடியது. சீட்டு வந்து விழுந்தது.

'நார்மல்-1லிருந்து மிகத் தொலைவில். நலம்.'

பெயரையாவது மாற்றியிருக்கலாம், மறந்துபோச்சு என்றார் முனிரத்தினம். பரவாயில்லை என்றாள். அந்தச் சீட்டைக் கைப்பையில் வைக்காமல் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, முதல் நோயாளியைக் கூப்பிடச் சொன்னாள்.

புறாக்களை அவள் வார்டில் இருந்தபோதே பக்கத்துத் தெருப் பந்தயக்காரர் நெல்லூர்ப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். கூண்டைப் பிரித்து, மாடி முழுக்க மருந்து தெளித்தாகிவிட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடும்போது ஜன்னலில் சத்தம் கேட்டது. காலில் வளையத்தோடு ஒரு சாம்பல் புறா கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அலகால் கண்ணாடியை ஒரு தரம் தட்டியது.

ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். இனி ஒருநாளும் திறக்கக் கூடாது. டில்லிபாபு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான். அவன் போன பிறகு அவளும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் தானியம் போடுவாள். காய்ச்சலில் அவளுக்குச் சில விஷயங்கள் நினைவிலிருந்து போய்விட்டிருந்தன. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று ஃபர்ஹானா சொல்லியிருந்தாள். சுகிர்தா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் யோசித்துப் பார்த்தாள். பெயர் வரவில்லை.

"யாரு நீ?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. அதில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை.